சுவருக்கு அந்தப் பக்கம்

நான் எங்கே போனாலும் சுவரைத் தொட்டுப் பார்க்கிறேன் என்று நீங்கள் இரண்டு பேரும் கேலி செய்வது எனக்குக் கேட்காமல் இல்லை. போன மாதம் கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்காருமுன் முதுகுப் பக்கத்துச் சுவரில் புறங்கையை வைத்தேன். "செவத்துக்குக் காய்ச்சலா இருக்கான்னு அப்பா பாக்காக" என்று பெரியவள் சொன்னாள். சின்னவன் இலையில் தெளிக்க வேண்டிய தண்ணீரைத் தொடையில் ஊற்றிக்கொண்டு சிரித்தான். சுவர் சுடத்தான் செய்தது. பின்னால் சமையற்கட்டு என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதற்குள் இடம் போய், நாம் அடுத்த பந்திக்குக் காத்திருந்தோம். உங்கள் அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவள் சிரிக்கவும் இல்லை. அதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் ஒன்பதாவதோடு நின்றவன். குழாய் வேலைக்குப் போகிற இடத்தில் அளவு குறிப்பதைத் தவிரப் பெரிதாக எதையும் எழுதியதில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

அம்மா வேலை பார்க்கும் காலண்டர் கம்பெனியை நீங்கள் வெளியிலிருந்து பார்த்திருக்கிறீர்கள். உள்ளே நடப்பது இதுதான். அச்சடித்த சாமி படத்தைக் கெட்டி அட்டையில் பசை தடவி ஒட்ட வேண்டும். காய வைத்து, ஓரம் வெட்டி, மேலே தகடு அடித்து, கீழே தேதிக் கட்டைச் சேர்த்தால் தினசரி காலண்டர். ஒட்டிய அட்டை ஒழுங்காகக் காயவில்லை என்றால் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துவிடும். சிவகாசியில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் காலண்டர் சீசன் சூடு பிடிப்பது ஐப்பசி, கார்த்திகையில். அப்போதுதான் மழையும் பிடிக்கும். எத்தனை ஃபேன் போட்டாலும் அட்டை ஈரம் வாங்கி நெளியும்.

அந்தக் கம்பெனி முதலாளி மெஷின் பார்ப்பதற்காக ஒரு குளிர் நாட்டுக்குப் போய் வந்தவர். தங்கிய ஓட்டலில் தரை வெதுவெதுப்பாக இருந்ததாம். துவைத்த காலுறையைத் தரையில் விரித்துவிட்டுப் படுத்தாராம். காலையில் முறுக்கு மாதிரி மொறமொறவென்று காய்ந்து கிடந்ததாம். விசாரித்தபோது, தரைக்குள் குழாய் பதித்து வெந்நீர் ஓட விடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பியதும் என்னைக் கூப்பிட்டார்.

"காலுறை காயும்னா அட்டை காயாதாப்பா? நம்ம காயப்போடுற ரூம்புக்கு அதே மாதிரி போட்டுருவோம்."

கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "இந்த ஊர் வெயில் பத்தாதுன்னு தரைக்கு அடியில வெந்நி வேற காய்ச்சப் போறாராம்" என்று டீக்கடையில் பேச்சு. எனக்குப் பெருமைதான். இந்தப் பக்கத்தில் யாரும் செய்யாத வேலை என் கைக்கு வந்திருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து ஒரு நாள் முழுக்க இருந்து விளக்கினார். சூடு கீழே மண்ணுக்குப் போகாமலிருக்க முதலில் கெட்டி ஃபோம் பலகை. அதன்மேல் பாலிதீன் தாள். அதற்குமேல் குழாயை வளைத்து வளைத்துப் பதிக்க வேண்டும். பிறகு கான்கிரீட். இவ்வளவும் எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் அவர் அதிக நேரம் பேசியது ஓரத்தைப் பற்றி. நாலு சுவர் ஓரத்திலும், தூணைச் சுற்றியும், சாண் உயரத்துக்கு ஃபோம் பட்டையை நிறுத்தி வைக்க வேண்டும். தரை எந்த இடத்திலும் சுவரைத் தொடக் கூடாது. சூடானால் தரை விரியும், விரிய இடம் இல்லை என்றால் சுவரைத் தள்ளும். சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் சூடு தரையிலிருந்து சுவருக்குள் ஏறி அந்தப் பக்கம் போய்விடும். இப்படி மூன்று தரம் சொன்னார்.

வரைபடத்தில் ஒரு சுவரை மட்டும் சிவப்பில் வட்டம் போட்டார். அந்தக் கட்டடம் முதலாளிக்கும் அவர் பங்காளிக்கும் பாகம் பிரிந்தது. நடுச்சுவர் பொது. அந்தச் சுவரில் பட்டை மட்டும் போதாது, இடுப்பளவுக்கு ஃபோம் ஷீட்டும் ஒட்ட வேண்டும் என்று எழுதினார்.

"அந்தப் பக்கம் என்னங்க ரூம்?" என்று கேட்டார்.

"சும்மா கெடக்கு சார். பூட்டித்தான் இருக்கும்" என்றேன்.

நான் போய்ப் பார்க்கவில்லை. பத்து அடி நடந்திருந்தால் போதும்.

குழாய் பதித்து முடித்தேன். தண்ணீர் அழுத்தம் ஏற்றி ஒரு நாள் விட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. மறுநாள் காலையில் கான்கிரீட். கொத்தனார் மல்லாங்கிணற்றுக்காரர், எனக்கு மூத்தவர், வாயும் கையும் ஒரே வேகம். கலவை போட்டுத் தயாராக நிற்கிறார். அப்போதுதான் பார்க்கிறேன், பொதுச்சுவர் ஓரத்துக்குப் பட்டை இல்லை. குறைவாக அனுப்பிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. கெட்டியாக இருக்கட்டும் என்று தூண்களுக்கு நான் இரண்டு சுற்று சுற்றியிருந்தேன். அளக்காமல் செய்த வேலை.

கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். பார்சல் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

"ஏலே, கலவை காயுது. ஒன் பட்டை பஸ்ல வருதா, இல்ல நடந்து வருதா?" என்றார் கொத்தனார்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆடுகிற மேசைக் காலுக்கு அட்டை. காற்றுக்கு அடித்துக்கொள்ளும் ஜன்னலுக்கு அட்டை. கிழிந்த பைக் சீட்டுக்கு அட்டை. எந்தச் சந்தாக இருந்தாலும் கை அட்டைக்குத்தான் போகும், ஏனென்றால் அது எங்கும் கிடக்கும். அன்றும் வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் மூட்டை மூட்டையாக ஓரத் துண்டுகள் கிடந்தன. நீளநீளமாக, ஒரே அகலமாக, கத்தி வெட்டியது போல நேராக. நாலைந்து துண்டைச் சேர்த்து டேப் சுற்றினேன். ஃபோம் பட்டையின் தடிமன் அப்படியே வந்தது. எனக்கே ஆச்சரியம்.

"இதுக்குப் போயி கோயம்புத்தூரைப் பாத்துக்கிட்டு நின்னியாக்கும்" என்றார் கொத்தனார். "சிவகாசில அட்டைக்கா பஞ்சம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொதுச்சுவர் ஓரம் முழுக்க அட்டைத் துண்டுகளை நிறுத்தி வைத்தேன். ஈரக் கலவை வந்து அதன்மேல் சாய்ந்தது. அட்டை தண்ணீரைக் குடிக்கும் என்பது அட்டை ஊரில் பிறந்தவனுக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு அது நினைவில் வரவில்லை, அவ்வளவுதான்.

ஷீட் ஒட்டப் போனபோது சூப்பர்வைசர் வேண்டாம் என்றார். அந்தச் சுவரை ஒட்டி ரேக் வருமாம், ஃபோம் உரசிக் கிழிந்துவிடுமாம். நான் மறுத்துப் பேசவில்லை. கொத்தனார் தரையும் சுவரும் சேரும் இடத்தைச் சந்து தெரியாமல் பூசி, டைல் பட்டை வைத்து இழுத்து முடித்தார். சந்து தெரிகிற மாதிரி வேலை செய்தால் அடுத்த வேலைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. இன்ஜினியருக்கு நான் எதையும் சொல்லவில்லை.

ஐப்பசி மழை ஆரம்பித்ததும் பாய்லரைப் போட்டோம். தரை மெல்லச் சூடேறியது. ஒட்டிய அட்டை பலகை மாதிரி நேராகக் காய்ந்தது. முதலாளி ஓர் அட்டையை எடுத்து, கண்ணுக்கு நேரே படுக்கை வாக்கில் பிடித்துப் பார்த்து, என் தோளில் தட்டினார். மழையில் நனைந்து வரும் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நின்று, "ஆத்தாடி, என்னா சொகம்" என்றார்கள். உங்கள் அம்மாவும் வீட்டுக்கு வந்து, "இப்பல்லாம் காலு வலிக்கவே இல்லங்க" என்றாள்.

சில நாளில் பொதுச்சுவரில் டைல் பட்டைக்கு மேலே முடி அளவு விரிசல் ஓடியது. காலையில் பாய்லர் போட்டதும் அந்த ஓரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. நம் பக்கத்தில் சின்னச் சத்தத்துக்கும் தலை திரும்பும். முதல் நாள் எல்லாரும் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார்களாம். பிறகு பழகிவிட்டது. "மதினி, ஒங்க வீட்டுக்காரர் போட்ட தரை நெட்டி முறிக்குது" என்று உங்கள் அம்மாவைக் கிண்டல் செய்தார்கள். அந்தச் சுவர் வெதுவெதுப்பாக இருந்ததால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதில்தான் முதுகைச் சாய்ப்பார்கள். ஏதோ சூடு கொஞ்சம் ஏறியிருக்கிறது, போகட்டும் என்று நினைத்தேன். அந்தப் பக்கம்தான் சும்மா கிடக்கிறதே.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை. பங்காளியின் பாகத்துக் காவல்காரர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் அடைத்து, அறைக்குள் தண்ணீர் வருகிறது, யாருக்கும் சொல்லாமல் வந்து பார்க்க வேண்டும் என்றார். பூட்டைத் திறந்தார். நான் குனிந்து உள்ளே காலை வைத்தேன்.

முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. பட்டாசு மருந்து வாடை எனக்குப் புதிது இல்லை. எங்கள் அம்மா சேலையில் அந்த வாடையோடுதான் என்னைத் தூக்கி வளர்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தார்ப்பாயைத் தூக்கினேன். கிஃப்ட் பாக்ஸ். பெட்டி பெட்டியாக, இடுப்புக்கு மேலே. தீபாவளிக்கு விற்காமல் திரும்பியது. தரை ஈரத்துக்குப் பயந்து வாசல் பக்கத்திலிருந்து நகர்த்தி, பொதுச்சுவரில் இடைவெளி இல்லாமல் சேர்த்து அடுக்கியிருந்தார்கள். அந்தச் சுவர்தான் காய்ந்து இருந்ததாம்.

பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே கையை நுழைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. கையை வெளியே எடுக்க முடியவில்லை. உரசிவிடுமோ என்று பயம். மூச்சு விடுவதற்கே பயமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸ் மூடி ஒன்று தரையில் விழுந்து சுற்றுகிற சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். அது உங்கள் அம்மா குரல் மாதிரி இருந்தது. என் கைக்கு நேரே, ஒரு செங்கல் தடிமனுக்கு அப்பால், யாருடைய முதுகு சாய்ந்திருக்கிறது என்று தெரியாமல் நின்றேன்.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கீக?" என்றார் காவல்காரர்.

"இது எப்ப வந்துச்சு?"

"தீவாளி முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு. புது வருசத்துக்குப் போயிரும்னாக. நீங்க பாட்டுக்கு வெளிய சொல்லிராதீக. எனக்கு வேலை போயிரும்."

குழாய் அடைப்பை எடுத்தேனா என்று இப்போது கூட நினைவில்லை.

அந்த நிமிடமே நான் முதலாளியிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஏன் என்று எழுதத்தான் இத்தனை நாள் ஆனது. பெட்டி அங்கே இருப்பது பங்காளியின் குற்றம். ஆனால் சுவர் ஏன் சுடுகிறது என்று கேட்டால் அது என் குற்றம். அட்டையைச் சொருகியவன் நான். அந்தப் பக்கம் சும்மா கிடக்கிறது என்று சொன்னவன் நான். இந்த ஒரு வேலையை வைத்துத்தான் ஊருக்குள் என்னைப் பெரிய ஆளாகப் பேசினார்கள். விஷயம் வெளியே வந்தால் எனக்கும் வேலை இல்லை, உங்கள் அம்மாவுக்கும் வேலை இல்லை என்று பயந்தேன். ஒரு பயம் வாயைத் திற என்றது, இன்னொரு பயம் மூடு என்றது. இரண்டாவது ஜெயித்துவிட்டது.

அன்று சாயங்காலம் பொதுச்சுவர் ஓரத்துக்குப் போகும் குழாயின் வால்வை மட்டும் மூடிவிட்டு வந்தேன். அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் உங்கள் அம்மாவிடம், "இன்னைக்கு லீவு போடு. ஒனக்குக் காய்ச்சல் போல, மேலு காயுற மாதிரி இருக்கு" என்றேன்.

"எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லயே. ஆர்டர் நெருக்குது, இப்பப் போயி லீவு போட்டா வேற ஆளை விட்டுருவாக" என்று டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பத்து மணிக்கு சூப்பர்வைசர் போன். "அந்த ஓரத்து அட்டையெல்லாம் வளையுது. வால்வை யாரு மூடுனது?" என்றார். லேசாகக் கசிந்தது, அதனால் மூடினேன் என்று பொய் சொன்னேன். "கசிவெல்லாம் இல்ல, தொறந்துட்டேன். மழை விட மாட்டேங்குது, பாய்லரையும் அறுபதுக்கு ஏத்தி வச்சிருக்கேன்" என்றார். நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது என்று வரைபடத்தில் எழுதியிருந்தது. அதையாவது சொன்னேன். "அதெல்லாம் குளிர் நாட்டுக் கணக்கு" என்று போனை வைத்துவிட்டார்.

புதன்கிழமை மறுபடியும் லீவு போடச் சொன்னேன். தலைவலியா என்று கேட்டேன், வயிற்று வலியா என்று கேட்டேன். "ஒங்களுக்குத்தான் என்னமோ ஆகிப்போச்சு" என்று சொல்லிவிட்டு கம்பெனி வேனில் ஏறினாள். அன்று நான் எந்த வேலைக்கும் போகவில்லை. கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். லாரியில் யாரோ பலகையைத் தூக்கிப் போட்டார்கள். என் கையிலிருந்த கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது.

"என்ன அண்ணாச்சி, காலையிலருந்து இங்கனயே இருக்கீக? கம்பெனிக்குக் காவலா?" என்றார் டீக்கடைக்காரர்.

காவல்தான். சத்தம் கேட்டால் ஓடிப் போய் என்ன செய்திருப்பேன்? கூரை மேலே போவதைப் பார்த்திருப்பேன். அவ்வளவுதான். நம் பக்கத்தில் அப்படி நின்று பார்த்தவர்களை எனக்குத் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் கேட்டைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் பெஞ்சை விட்டு எழுந்தேன். இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். ஆனால் வேண்டிக்கொண்டது உங்கள் அம்மாவுக்காக மட்டும்தான்.

வியாழக்கிழமை. மழை தூறிக்கொண்டிருந்தது. நீங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டீர்கள். நான் வேன் நிற்கும் இடம்வரை அவள் பின்னாலேயே போனேன். வேன் வந்து நின்றது. உள்ளே பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். "ஏ மதினி, வெரசா ஏறு. அண்ணனையும் கூட்டிக்கிட்டுப் போயி அட்டை ஒட்ட விட்டுருவோமா?" என்று ஒருத்தி கத்தினாள். ஒரே சிரிப்பு. அம்மா படியில் ஒரு காலை வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். நடுத்தெருவில் நான் அப்படிக் கையைப் பிடித்ததே இல்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"மூணு நாளா என்னங்க ஒளிக்கீக?" என்றாள், மெதுவாக.

சொன்னேன். அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, சுவர், அட்டை, பெட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் மாறியது. பயத்தில் மாறுகிறது என்று நினைத்தேன். அது பயம் மட்டும் இல்லை.

"அதான் என்னைய லீவு போடச் சொன்னீகளா?"

"ஆமா."

"என்னைய மட்டும்."

அவள் வேனுக்குள் கையைக் காட்டினாள்.

"இந்த வண்டில இருக்கவுக யாரும் ஒங்க கண்ணுக்குத் தெரியலையா? இவுக வீட்லயும் ரெண்டு பிள்ளை இருக்கும்ல?"

டிரைவர் ஹாரன் அடித்தார். அம்மா படியிலிருந்து காலை எடுக்கவில்லை. "அண்ணே, வண்டிய ஆஃப் பண்ணுங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏங்கிட்டச் சொன்னதை இவுககிட்டச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க" என்றாள்.

சத்தமாகச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் என்னைக் கிண்டல் செய்தவளே முதலில் பேசினாள். "நேத்து மத்தியானம் நான் அந்தச் செவத்துலதான் சாஞ்சு ஒறங்குனேன்." யாரிடம் என்று இல்லாமல் சொன்னாள். பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கி, குடை பிடிக்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் இறங்கினார்கள். ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மற்ற வேன்களில் வருகிறவர்களையும் உங்கள் அம்மா போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனேன்.

முதலாளி அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். கேட்டுக்கொண்டே சட்டையை மாட்டினார். ஒரு பொத்தான் மாறிப் போயிற்று. அதைச் சரி செய்யவில்லை. காரை அவரே ஓட்டினார். கம்பெனியில் முதலில் பாய்லரை அணைத்தார். முன்னாலேயே வந்திருந்தவர்களை எதிர்ப்பக்கத்துக் காலி மனைக்கு அனுப்பினார். பிறகு பொதுச்சுவரில் உள்ளங்கையை வைத்தார். அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் செவத்துக்குப் பட்டை போடலையா?"

"போடல மொதலாளி."

"பொறவு என்ன வச்சே?"

"அட்டை."

"எந்த அட்டை?"

"நம்ம அட்டைதான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பங்காளிக்குப் போன் போட்டார். "தம்பி, சாவியக் குடுத்து விடு. ஏன்னு கேக்காத. சாவி." அவ்வளவுதான் பேசினார்.

பட்டாசு லோடு ஏற்றிப் பழகிய நாலு பேர் வந்தார்கள். வெறுங்காலோடு, பெட்டியை இழுக்காமல், ஒவ்வொன்றாக இரண்டு கையால் தூக்கி வந்தார்கள். நான் எதிர்மனையில் மற்றவர்களோடு நின்றேன். ஒவ்வொரு பெட்டி வாசலைத் தாண்டும்போதும் பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. கடைசிப் பெட்டி போனபோது மத்தியானம் தாண்டிவிட்டது. எல்லாப் பெட்டியும் லைசென்ஸ் உள்ள குடோனுக்குத்தான் போனது என்று முதலாளி பிறகு சொன்னார்.

இன்ஜினியருக்குப் போன் செய்து ஒப்புக்கொண்டேன். "அந்தச் சூட்டுக்குத் தானாப் பத்தியிருக்காதுன்னு நினைக்கறேன்" என்றார்.

"நெனக்கீகளா, தெரியுமா சார்?"

"ஈரமும் சூடும் சேர்ந்தா அந்த மருந்து என்ன பண்ணும்னு நான் எப்படிங்க சொல்றது?" என்றார். பிறகு, "சும்மா கிடக்குன்னு சொன்னீங்களே" என்றார்.

ஓரத்தை உடைப்பது என் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார். உளியும் சுத்தியலும் மட்டும். மெஷின் வைத்தால் குழாய் போய்விடும். கொத்தனாரும் வந்தார். "அட்டைக்கா பஞ்சம்னு நானும்ல சொன்னேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து தட்டினார். நாலு விரல் அகலத்துக்கு, சுவர் நீளம் முழுக்க உடைத்தோம். நான் சொருகிய அட்டை அட்டையாகவே இல்லை. சிமெண்டுத் தண்ணீரைக் குடித்துக் கல்லாகித் தரையையும் சுவரையும் ஒன்றாகப் பிடித்துவைத்திருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த பட்டையை இந்தத் தடவை இரண்டு முறை அளந்து நிறுத்தினேன். அது தரைக்குமேல் துருத்திக்கொண்டு தெரிந்தது. கொத்தனார் கரண்டியைத் தூக்கினார். "கை வைக்காதீக" என்றேன். தரை போட்டு, டைல் பட்டையைத் தரையில் முட்டாமல் தூக்கி ஒட்டி, அதற்குப் பிறகுதான் மிச்சத்தை வெட்டினோம். சுவர் முழுக்க ஷீட்டும் ஒட்டினேன். ரேக்கை நாங்களே நகர்த்தி வைத்தோம்.

உடைத்ததில் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காற்றுக்குக் கதவு அடிக்காமல் நீங்கள் முட்டுக் கொடுக்கிறீர்களே, அதுதான். ஓரத்தில் சிவப்பு, நீலம், மஞ்சள், கருப்பு என்று சின்னச் சின்னக் கட்டம் தெரியும். அச்சுத்தாள் ஓரத்தில் மையைச் சரிபார்க்க அடிக்கிற கட்டம் அது. அது கல் இல்லை.

கம்பெனி மறுபடி ஓட ஆரம்பித்தது. முதலாளி என்னை அடுத்த வேலைக்குக் கூப்பிடவில்லை. அம்மாவை நிறுத்தவில்லை. அவள் என்னோடு பேசாமல் இருந்த நாட்களில் நீங்கள், "அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கா?" என்று கேட்டீர்கள். நான் ஆமாம் என்றேன். அதுவும் பொய்தான். பிறகு பேசினாள். ஆனால் அந்த "மட்டும்" என்ற வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

பங்காளியிடம் பேசி அந்தப் பாகத்துக்கு முதலாளி தன் பூட்டைப் போட்டு, ஒரு சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார். கூலி இல்லை, நானும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் ஒவ்வொரு நாளும் வேன் கிளம்புமுன் போய்த் திறந்து பார்க்கிறேன். காலி அறை. சுவரில் புறங்கையை வைப்பேன். குளிர்ந்திருக்கும். திரும்பி வந்து வேன் நிற்கும் இடத்தில் நிற்பேன். மழை பெய்தால் போதும், ஜன்னல் வழியாகக் கத்துவார்கள்.

"என்னண்ணே, இன்னைக்கு நாங்க போகலாமா, லீவா?"

எல்லாரும் சிரிப்பார்கள். உங்கள் அம்மா சிரிப்பதில்லை. படியில் ஒரு காலை வைத்தபடி, நான் வாயைத் திறக்கும்வரை என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"பாத்துட்டேன். எல்லாரும் போகலாம்" என்பேன். அதற்குப் பிறகுதான் அடுத்த காலை எடுத்து வைப்பாள்.